டென்சிலின் குரலுக்குப் பின்னால் போன கூட்டம்

என் தம்பி டென்சிலுக்குக் குரல்தான் தொழில். பெங்களூர் ஜோகுபாளையத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவன்தான் மைக் பிடிப்பான். தமிழைப் போலவே கன்னடமும் பேசுவான். பங்குத்தந்தை மாதிரி அவன் இருமினால் கோவிலில் பாடகர் குழு எழுந்து நின்றுவிடும். நான் எட்டாவதோடு தையலுக்குப் போனவள். அவனை நினைத்தாலே எனக்குப் பெருமை.

1991இல் ஊரெல்லாம் கூட்டம் போட்ட ஒரு தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவருடைய ஆட்கள் அவர் குரலிலேயே டென்சிலைப் பேசவைத்து கேசட் எடுத்தார்கள். "நம் தண்ணீர், நம் ஊர், என் பின்னால் வாருங்கள்" என்று கன்னடத்தில். வழக்கமான பேச்சுதானே என்று பேசிக் கொடுத்தான்.

பிறகு ஓர் ஆங்கிலப் பத்திரிகை அந்தத் தலைவரை 'டெமகாக்' என்று எழுதியது. டென்சில் பங்குத்தந்தையிடம் பொருள் கேட்டான்.

"கிரேக்கச் சொல்லுப்பா. டெமோஸ்னா ஜனங்க, அகோகோஸ்னா கூட்டிட்டுப் போறவன். மொதல்ல அது கெட்ட வார்த்தையே இல்ல. பயத்தையும் கோபத்தையும் கிளப்பிவிட்டுக் கூட்டிட்டுப் போறவங்க வந்தப்புறம்தான் வசவாச்சு."

"எங்க கூட்டிட்டுப் போறான் ஃபாதர்?"

"அது சொல்லுல இல்லப்பா."

டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டது. எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டன. நல்ல பகல், குக்கர் சத்தம்கூட இல்லை. அப்போது தெருமுனையிலிருந்து என் தம்பியின் குரல் வந்தது. "என் பின்னால் வாருங்கள்." தம்பியோ என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ. பின்னால் கட்டைகளோடு கூட்டம். ஓட்டியவர் கோவிந்தப்பா, டென்சில் மைக்கில் பேசும் விளம்பர ஆட்டோவை ஓட்டும் கன்னடக்காரர். முகம் வெளுத்திருந்தது. கூட்டம் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் அவ்வளவுதான். டென்சில் எழுந்தான்.

"போவாதடா, தெரிஞ்சா கொன்னுடுவாங்க."

"அது என் தொண்டை, அக்கா. நான்தான் திருப்பணும்."

பின்சந்து வழியாக ஓடி ஆட்டோவின் திரைக்குள் நுழைந்தான். கேசட் நின்றது. ஸ்பீக்கரில் தலைவரின் கனைப்பு. "இந்தத் தெரு வேண்டாம். மைதானத்துக்கு வாருங்கள்." ஆட்டோ நகர்ந்தது. கூட்டம் அப்படியே திரும்பிப் போனது.

சாயங்காலம் கோவிந்தப்பா அவனைக் கொண்டுவந்து விட்டார். எங்கள் தெருவைக் காப்பாற்றியவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மைதானத்துல ஸ்பீக்கரையே பாத்துட்டு நின்னாங்கக்கா. எதுக்கு வந்தோம்னு ஒருத்தனும் கேக்கல. என்ன சொல்லியிருந்தாலும் செஞ்சிருப்பாங்க."

"நீ என்னடா சொன்ன?"

"வீட்டுக்குப் போங்கன்னேன். போயிட்டாங்க."

"என் பக்கத்து வீட்டுக்காரனும் அந்தக் கூட்டத்துல இருந்தான்க்கா," என்றார் கோவிந்தப்பா. "பேர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைத் தெரியலே அவனுக்கு."

அதன்பின் டென்சில் மைக்கைத் தொடவில்லை. பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

2004 தேர்தல் சமயம். இருவரும் அல்சூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தோம். யாரோ அந்தப் பழைய கேசட்டைத் தூசி தட்டியிருந்தார்கள். என் தம்பியின் இளவயதுக் குரல் கடைகளுக்கு மேலாக வந்தது. "என் பின்னால் வாருங்கள்."

டென்சில் என் கையை இறுகப் பிடித்தான். அவன் பயந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தபோது, என் கால்கள் அந்தக் குரல் வந்த பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தன.