எண்ணெய் ஊற்றாத விளக்கு

முதுகலையில் நான் சேர்ந்த படிப்பின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. டிஜிட்டல் கலை, ஊடகம், தொழில்நுட்பம் என்று மூன்று சங்கதிகள் அதில் வரும். மூன்றில் ஒன்றுகூட வகுப்பறைக்குள் வந்ததில்லை. துறைத்தலைவர்தான் வருவார். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டு, பலகையில் ‘படைப்பாற்றல் – வரையறை’ என்று எழுதி அடிக்கோடு போடுவார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பதினோரு பேரும் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து மதிப்பெண் கேள்வியாம். அதைச் சொந்த நடையில் எழுதிய ஒருத்திக்கு இரண்டு போட்டார். அந்த ஒருத்தி நான்தான்.

கல்லூரி சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், கோழிப்பண்ணைக்கும் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கும் நடுவில் இருந்தது. காற்று ஒரு பக்கம் அடித்தால் கோழி எரு மணக்கும், மறுபக்கம் அடித்தால் பெயின்ட். மூக்குக்காவது ஏதோ ஒரு மாறுதல் இருந்தது. கூடப் படித்தவர்களிடம் அதுவும் இல்லை. இறுதி ஆண்டு புராஜெக்ட் என்றதும் நான்கு பேர் மேட்டூர் அணைக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டார்கள். நான்கிலும் அதே உயரம், அதே மெதுவான திருப்பம், அதே புல்லாங்குழல். கடைசியில் ஒரு கனத்த குரல் காவிரியைத் தாயே என்று கூப்பிடும். அந்தத் தாய் திரும்பிப் பார்த்திருந்தால் நான்கு பேருக்கும் ஒரே அறைதான் விழுந்திருக்கும்.

நான் ரிக் வண்டியை எடுத்துக்கொண்டேன். என் மாமா திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக்கில் டிரில்லர். விரல்நகம் அளவுள்ள அதிர்வு சென்சாரை அந்த வண்டியின் இரும்பில் கட்டி, துளை இறங்க இறங்கப் பதிவு செய்தேன்.

“என்ன அம்மிணி, வண்டிக்கு ஈசிஜி எடுக்கறயா?” என்றார் மாமா.

“ஆமாங்க மாமா.”

“எடுத்துட்டுச் சொல்லு. அது முந்திப் போய்ச் சேருமா, நான் முந்தறனான்னு பாக்கோணும்.”

வாழப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கடைசி ராடு இறங்கும்வரை வெள்ளைக் கல்மாவுதான் பறந்தது. ஈரம் என்ற பேச்சே இல்லை. தோட்டக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அந்தத் துளையைத்தான் என் புராஜெக்டாக ஆக்கினேன். இருட்டறையில் தரையில் ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் ஏறி நின்றால் மண்ணும் சரளையும் கரும்பாறையும் உள்ளங்காலில் வரிசையாக வரும். எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சக் கோடு அடி அடியாகக் கீழே இறங்கும். ஏழு நிமிடம். கடைசியில் தண்ணீர் வராது. ஓர் அதிர்வைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அங்கே நடந்தது நடந்தபடி காலுக்கு வரும். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இதை வைக்க இருட்டும் புரொஜெக்டரும் வேண்டும். இரண்டும் இருந்த ஒரே இடம் துறையின் புதிய ஹால். அதற்கு இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை. புராஜெக்டுக்கு மதிப்பெண் போட வெளியூரிலிருந்து தேர்வாளர் வரும் நாளிலேயே காலையில் விழா வைத்தார்கள்.

“ஏம்மா, நம்ம துறைல நிஜ விளக்கா ஏத்துறது? டிஜிட்டல் குத்துவிளக்கு ஒன்னு பண்ணிக் குடு. ரெண்டு மணிக்கு மேல ஹால் உனக்கு” என்றார் துறைத்தலைவர்.

பண்ணிக் கொடுத்தேன். பெரிய திரையில் ஐந்து முகக் குத்துவிளக்கு. ரிக்கில் கட்டிய அதே வகைச் சென்சார்கள் ஐந்தைத் திரைக்குப் பின்னால் ஒட்டினேன். விரல் பட்டால் அந்தத் துளி அதிர்வுக்கே திரி எரியும். ஒத்திகைக்கு வசதியாக, இரண்டாம் முறை தட்டினால் அணையும்படி எழுதியிருந்தேன். ஒத்திகையில் துறைத்தலைவர் விளக்கைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டார். அப்புறம் பயந்துவிட்டார்.

“தாளாளர் தொட்டு எரியலேன்னா எனக்கு வேலை போயிரும். எதுக்கும் பின்னால ஒருத்தன் கீபோர்டோட உக்காரட்டும்.”

அணைக்கட்டு ட்ரோன்காரர்களில் ஒருவனைப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவனிடம் தலைபாடாகச் சொன்னேன்.

“டேய், நீ அமுக்காதே. அவங்க தொட்டா அதுவே எரியும். நீயும் அமுக்கினா ரெண்டு தட்டு ஆயிரும், அணைஞ்சு போகும்.”

“சார் அமுக்கச் சொல்லிருக்காரு புள்ள.”

“அவருக்கு என்ன தெரியும்?”

“மார்க் போடத் தெரியும்.”

இரண்டு வரி மாற்றியிருந்தால் அணையாதபடி செய்திருக்கலாம். செய்யவில்லை. இவர்களுக்காக நான் ஏன் மாற்ற வேண்டும் என்ற திமிர்.

விழாவன்று அட்டெண்டர் ஐயா எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து திரையை ஒரு சுற்றுச் சுற்றினார். “ஏனுங்க அம்மிணி, எங்கீங்க ஊத்தறது?” என்றார். அன்று காலை நான் கேட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அதுதான். மேடையில் இருந்த ஐந்து பெரிய மனிதர்களும் கண்ணாடித் திரையின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். தாளாளர் முதல் திரியைத் தொட்டார். பின்னால் இருந்தவன் பதற்றத்தில் அமுக்க மறந்துவிட்டான். திரி அழகாக எரிந்தது. கைதட்டல். துறைத்தலைவர் திரையின் ஓரத்து இடுக்கு வழியாக அவனை முறைத்தார்.

அடுத்து தாளாளரின் மனைவி. அவர் தொட்டார், அவனும் அமுக்கினான். திரி எரிந்து, அந்த நொடியே அணைந்தது. மறுபடி தொட்டார், மறுபடி அமுக்கினான். மறுபடி அணைந்தது. முன்வரிசைப் பெண்கள் “சாமி, சாமி” என்று வாயில் கைவைத்தார்கள். அந்தம்மா சுட்டதுபோல விரலை இழுத்துக்கொண்டு, “என்னங்க, நான் தொட்டா அணையுது?” என்று புருஷனைப் பார்த்தார். விடுதிப் பூஜையறையிலிருந்து பித்தளை விளக்கைத் தூக்கி வந்து, அட்டெண்டர் ஐயாவின் எண்ணெயை ஊற்றித் தீக்குச்சி கிழித்தார்கள். டிஜிட்டல் கலைத் துறை இப்படித்தான் திறக்கப்பட்டது.

துறைத்தலைவர் என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“தாளாளர் கூப்பிடறாரு. சென்சார் தப்புன்னு சொல்லிரு. கீபோர்டு பத்தி மூச்சு விடாத.”

“சென்சார் சரியாத்தானே சார் வேலை செஞ்சுது?”

“தெரியும்மா. ஆனா சென்சாருக்கு வேலை போகாது, எனக்குப் போயிரும். ஹால் வேணுமா வேண்டாமா?”

ஹால் வேண்டும். தாளாளர் அறையில் போய் நின்றேன். “சென்சார்தாங்க தப்பு” என்று நிறுத்தியிருக்கலாம். நன்றாகப் பொய் சொல்கிறேன் என்ற உற்சாகத்தில், “சில நேரம் அது நடக்காததையும் நடந்ததா காட்டிருமுங்க, நம்ப முடியாதுங்க” என்று சேர்த்துச் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் தட்டில் கேசரி தின்றுகொண்டிருந்தார். வெளியூர்த் தேர்வாளர். கேசரிக்கு வந்தவர் என்று அவரையும் மனதுக்குள் மட்டம் தட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு மணிக்கு ஹால் கிடைத்தது. தேர்வாளர் தகட்டில் ஏறினார். செல்போனை எடுக்கவில்லை, தலையாட்டவில்லை. கரும்பாறை வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடி நடுங்கியது. ஏழு நிமிடமும் நின்றார். இரண்டு வருடத்தில் என் வேலையை முழுசாகப் பார்த்த ஒரே ஆள். இறங்கி வந்து கேட்டார்.

“இதுல எதையும் சேக்கலேன்னு புராஜெக்ட் குறிப்புல எழுதியிருக்கீங்க. என்ன சென்சார்?”

சொன்னேன்.

“காலைல விளக்குல இருந்ததும் இதுதானா?”

“ஆமாங்க சார்.”

“நடக்காததையும் நடந்ததா காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப இந்தத் துளைல எது நடந்துது, எது நடக்கல?”

துறைத்தலைவர் கூரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“காலைல சொன்னது பொய்ங்க சார். பின்னால கீபோர்டும் அமுக்கினாங்க. அதனாலதான் அணைஞ்சுது.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“ஹாலுக்காகங்க.”

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “எனக்கு இது பிடிச்சிருந்துது” என்றார். “நிஜம்ங்கறது ஒன்னுதான் இதுக்குப் பலம். உங்க வார்த்தையைத் தவிர அதுக்கு வேற சாட்சி இல்லை. காலைல ஒன்னு, இப்ப ஒன்னு. நான் எதை எடுத்துக்கறது?”

தேர்ச்சி, அவ்வளவுதான். அணைக்கட்டுக்காரர்கள் நால்வரும் முதல் வகுப்பு. “பாஸ் ஆயிட்டயில்லம்மா, அப்புறமென்ன?” என்றார் துறைத்தலைவர், என்னைவிட நிம்மதியாக. அந்த ஆளை இரண்டு வருடம் எத்தனையோ விதமாக இளக்காரம் செய்திருக்கிறேன். ஆனால் நம்ப முடியாது என்ற வார்த்தையை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

ஒயர்களைச் சுருட்டும்போது கீபோர்டுக்காரன் வந்து தகட்டில் ஏறினான். ஒரு நிமிடம் ஓடவிட்டேன்.

“நிஜமாவே இப்படித்தான் இருந்துதா புள்ள?”

“நிஜந்தான்.”

“செரி, நீ சொன்னாச் செரி” என்று சிரித்துவிட்டுக் குதித்து இறங்கினான்.

புல்லாங்குழல்காரன் சிரிக்கிறான் என்று ஆத்திரம் பொங்கியது. திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் என்ன சொன்னாலும் அதற்கும் என் வார்த்தை மட்டும்தான் சாட்சி. பிளக்கைப் பிடுங்கினேன்.