மோலி சிஸ்டர் மூடாத படகு

கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிற படகு. நீளம் நான்கடி. உடம்பு ஃபைபர். நடுவில் இருபத்தாறு சிசி பெட்ரோல் இன்ஜின். அதன் பின்னால் ரேடியோ பெட்டி, பாட்டரி, சுக்கானைத் திருப்ப ஒரு குட்டி மோட்டார், ஆக்ஸிலேட்டரை இழுக்க இன்னொன்று, வயிறு பருத்த கத்திரிக்காய் மாதிரி ஒரு புகைக்குழாய். இத்தனையும் ஒரு தலையணை உறைக்குள் அடங்கும் இடத்தில் உட்கார வேண்டும். நிஜப் பந்தயப் படகு ஒன்றை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கியது என்பதால், மேல்மூடியில் ஓட்டுநரின் இருக்கையும் ஸ்டீயரிங்கும் உள்நோக்கிக் குழிந்து இறங்கியிருக்கும். இருக்கிற இடத்தில் கால்வாசியை அந்தப் பொம்மை இருக்கை தின்றுவிடும்.

மைசூர்ப் பக்கம் இந்த மாதிரிப் படகு ஓட்டுகிறவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். அவர்களில் பதினான்கு பேருடைய படகுகளுக்குள் எது எங்கே உட்கார வேண்டும் என்று இன்று இருக்கும் வரிசை மோலி சிஸ்டர் போட்டுக்கொடுத்தது.

மோலி சிஸ்டருக்கு நீச்சல் தெரியாது. ஏரிக்கரையில் நின்றால் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விடுவார். இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால், அது மெர்வின் டிபார்ட்மென்ட் என்று மகனைக் காட்டிவிடுவார். ஆனால் முப்பத்தொரு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவர். திறந்த வயிற்றுக்குள் எதன்மேல் எது படுத்திருக்கிறது, எதைத் தொடாமல் எதை நகர்த்துவது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

போன மார்ச்சில் அவர் காலமானார். வயது அறுபத்துமூன்று. கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்ததிலிருந்து பதினோரு வாரம். மெர்வினின் படகு இன்னும் அவர் போட்ட அதே வரிசையில் இருக்கிறது. ஒரு திருகாணியைக்கூட யாரும் மாற்றவில்லை.

அவர் இதற்குள் வந்தது ஒரு மூழ்கிய படகினால். மெர்வின் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை. படகை வாங்கி, கூட வந்த வரைபடத்தின்படி ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினான். முதல் ஓட்டத்தில் மூன்றாவது நிமிடம் படகு அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. தன்பாட்டுக்கு நாலு வட்டம் அடித்து, கோரைக்குள் போய் மூழ்கியது. பரிசல்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து எடுத்தார்கள்.

அன்று மாலை என்.ஆர். மொஹல்லா வீட்டில் சாப்பாட்டு மேசையில் நாளிதழைப் பரப்பி, படகைத் திறந்து வைத்திருந்தான். மோலி சிஸ்டர் காபியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருடா இதை மூடுனது?"

"நான்தான். ஏம்மா?"

"பேஷன்ட் பொழைச்சிருக்கவே மாட்டான்."

டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மரியராஜ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மனைவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "ரிடையரானாலும் கேஸ் வீடு தேடி வருது பாரு."

காபி ஆறிப்போனது. மோலி சிஸ்டர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். இதில் எது சுடும்? எது நனையக் கூடாது? எது அசையும்? எது பக்கத்தில் இருந்தால் எதற்கு ஆகாது? மெர்வின் சொல்லச் சொல்ல அவனுக்கே தப்பு தெரிந்தது. புகைக்குழாய் குறுக்குவழியாக ரேடியோ பெட்டிக்கு மேலேயே போயிருந்தது. குழாயின் சூட்டில் பெட்டியின் டேப் உருகி, மூடி வாய் திறந்து, தண்ணீர் புகுந்திருக்கிறது. போதாததற்கு ரேடியோ ஒயர் ஸ்பார்க் பிளக் ஒயரோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது.

"படிச்சவன்தானே நீ?"

"டிராயிங்ல அப்படித்தாம்மா இருந்துச்சு."

"டிராயிங் போட்டவன் வந்து இதை ஓட்டப்போறானா?"

மூன்று நாள் அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. மோலி சிஸ்டர் அட்டையை வெட்டி, இன்ஜின் இவ்வளவு, பாட்டரி இவ்வளவு என்று துண்டுகள் செய்து படகின் வயிற்றுக்குள் மாற்றி மாற்றி வைத்தார். தியேட்டரில் சுத்தமான பக்கம், அழுக்குப் பக்கம் என்று இரண்டு உண்டு. ஒன்றின் பொருள் மற்றதற்குள் போகாது. அதையே இங்கேயும் கொண்டுவந்தார். சூடு, எண்ணெய், புகை எல்லாம் இடது பக்கம். ரேடியோ, பாட்டரி, மோட்டார்கள் வலது பக்கம். குறுக்கே எதுவும் போகக் கூடாது. புகைக்குழாயை இடது விலாவோடு பின்னால் கொண்டுபோய், ரப்பர் பிடியில் தொங்கவிட்டார். எந்தப் பக்கமும் உடம்பில் படாமல் ஒரு விரல் இடைவெளி. ரேடியோ பெட்டிக்குள் இருக்கும் ரிசீவருக்கு ஆபரேஷன் கையுறையின் கட்டைவிரலை வெட்டி உறை மாட்டி, வாயை நூலால் கட்டினார். அந்த முடிச்சை அவர் ஒரே கையால் போடுவார். ஏரியலை ஸ்ட்ராவுக்குள் விட்டு மூடிக்கு மேலே நிமிர்த்தினார்.

மெர்வின் தராசில் வைத்துப் பார்த்தான். இன்ஜின் சுழற்சியின் எதிர்விசை படகின் வலது பக்கத்தைத்தான் தண்ணீரில் அழுத்தும். இந்த வரிசையில் அதை ஈடுகட்டுகிற மாதிரி இடது பக்கம் நூற்றிருபது கிராம் கூடுதலாக இருந்தது. கணக்குப் போட்டிருந்தால் அவனும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லியிருப்பான். அம்மா கணக்குப் போடவில்லை.

அடுத்த ஞாயிறு படகு கோடு கிழித்த மாதிரி ஓடியது. நஞ்சனகூடு சாலைப் பக்கத்து ஏரிக்கரையில் மோலி சிஸ்டருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிரந்தரமானது. சாமராஜநகரில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்த ரவிக்குமார்தான் முதலில் சீண்டினார்.

"ஏனுங்க சிஸ்டர், படகுக்கு ஊசி கீசி போடுவீங்களா?"

"படகுக்கு வேணாம். ஓட்டுறவருக்கு வேணும்னா போடலாம். பெரிய ஊசியா இருக்கு."

இரண்டு மாதத்தில் அதே ரவிக்குமார் தன் படகைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மொஹல்லா வீட்டு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

வரிசையோடு இன்னொரு வழக்கத்தையும் மோலி சிஸ்டர் கொண்டுவந்தார். அதைத்தான் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தியேட்டரில் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் எண்ணுவார்கள். உள்ளே போன பஞ்சு எத்தனை, வெளியே வந்தது எத்தனை. ஒருவர் எண்ண, இன்னொருவர் கண்ணால் பார்த்துத் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டு குரலும் ஒத்துப்போனால்தான் மூடலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் படகுக்குள் கசிந்த தண்ணீரை ஒற்றியெடுக்க நான்கு நீல ஸ்பாஞ்சுத் துண்டுகள் உண்டு; மூடும் முன் நான்கும் வெளியே வந்துவிட வேண்டும். திருகாணி, கிளிப், ஸ்பானர், ஸ்பாஞ்சு எல்லாம் அவருடைய எனாமல் தட்டில் வரிசையாக இருக்கும். அவர் எண்ணுவார், மெர்வின் திரும்பச் சொல்வான். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினையாயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் சங்கத்தின் ஆண்டுப் பந்தயம். மூன்று சுற்று. முதலில் வந்தால் நான்கு புள்ளி, அடுத்தவருக்கு மூன்று. மெர்வினுக்கு மூன்று வருடமாகக் கோப்பை கிடைக்கவில்லை. இந்த முறை கிடைக்கும் என்பதில் மோலி சிஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. காலையில் கிளம்புவதற்கு முன் ஷோகேஸில் தன் சர்வீஸ் ஷீல்டைச் சற்று நகர்த்தி இடம் பண்ணிவிட்டு வந்திருந்தார்.

முதல் சுற்றில் அவர்கள் படகு முதலில் வந்தது. ரவிக்குமார் இரண்டாவது. சுற்றுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் மெர்வின் மூடியைத் திறந்தான். புகைக்குழாயை இன்ஜின் பக்கம் ஐந்து மில்லிமீட்டர் தள்ளினால் இன்னும் வேகம் கிடைக்கும். ஸ்பாஞ்சுகளால் தண்ணீரை ஒற்றிப் பிழிந்தான், கிளிப்பைத் தளர்த்தினான், குழாயைத் தள்ளினான், இறுக்கினான். கையெல்லாம் எண்ணெய்.

போட்டியை நடத்திய மஞ்சுநாத், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஹார்னைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். "ரெண்டு நிமிஷம்! பேக பேக, சீக்கிரம்! ஹார்ன் அடிச்சா தண்ணியில இல்லாத படகு கணக்குல இல்லை!"

மோலி சிஸ்டர் தட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். "கிளிப் ரெண்டு."

"ரெண்டு."

"ஸ்பானர் மூணு."

"மூணு."

"ஸ்பாஞ்சு..."

"நாலு," என்றான் மெர்வின். டேப்பைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான். கண் ஏரியில் இருந்தது.

மோலி சிஸ்டரின் விரல் தட்டின்மேலேயே நின்றது. "பார்த்துச் சொன்னியா?"

"இருக்கும்மா. மூடலாம்."

"மூணுதான் இருக்கு."

மெர்வின் அப்போதுதான் குனிந்து பார்த்தான். மூன்று. சுற்றிலும் புல்லைப் பார்த்தான், நாற்காலிக்கு அடியில் பார்த்தான். இல்லை.

"அம்மா, ஒரு ஸ்பாஞ்சு. காத்துல போயிருக்கும்."

"போயிருந்தா காட்டு."

"டைம் இல்லம்மா!"

"எனக்கும் தெரியுது."

உள்ளே கிடந்தால் என்ன ஆகும் என்பது மெர்வினுக்கும் தெரியாமல் இல்லை. ஆக்ஸிலேட்டர் கம்பியின் அடியில் போய்ச் சிக்கினால் வேகம் குறையவே குறையாது. ரேடியோவில் என்ன சொன்னாலும் கேட்காது. முந்தைய வருடம் குண்டலுபேட்டைக்காரர் ஒருவரின் படகு அப்படித்தான் கரையேறி, டீக்கடை பெஞ்சின் காலை உடைத்துவிட்டுப் போனது. பெஞ்சில் அப்போது ஆள் இல்லை.

"சிஸ்டரே, ஒரு நிமிஷம்தான்," என்றார் மஞ்சுநாத். அவருக்கும் இந்தப் படகு ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. "நான் சொல்லக் கூடாது... ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"சார், கவுண்ட் சரியாகாம நான் இன்னைக்கு வரைக்கும் மூடுனதில்லை."

"இது படகும்மா!" மெர்வின் கத்திவிட்டான். கரையில் எல்லோரும் திரும்பினார்கள். "தியேட்டர் இல்ல. ஆஸ்பத்திரி இல்ல. செத்துப்போக இங்க யாரும் படுத்திருக்கலை!"

டாக்டர்கள் இதைவிடச் சத்தமாகக் கத்தி மோலி சிஸ்டர் கேட்டிருக்கிறார். கத்துகிறவர்களுக்கு நேரம் கொடுப்பதும் வேலையில் சேர்த்திதான். மூடியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டார்ச்சையும் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியையும் எடுத்து, இன்ஜினுக்கு அடியில், குழாய்க்குப் பின்னால், ரேடியோ பெட்டியின் ஓரத்தில் ஒவ்வொரு அங்குலமாகப் பார்க்கத் தொடங்கினார்.

ஹார்ன் அடித்தது. ஐந்து படகுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. அந்தச் சத்தத்தில் ரவிக்குமாரின் படகுச் சத்தம் அவருக்குத் தனியாகக் கேட்டது. அவர் வரிசை போட்டுக்கொடுத்த படகு, பிசிறில்லாமல் இழுத்தது. ஷோகேஸில் பண்ணிவைத்த இடம் ஒரு கணம் கண்ணில் வந்தது. டார்ச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தேடினார். உள்ளே இல்லை. மறுபடி முதலிலிருந்து தேடினார்.

மெர்வின் முதுகைக் காட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தான். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டைக்காக பாண்ட் பையில் கைவிட்டான். கை உள்ளேயே நின்றுவிட்டது. மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

முகமூடிக்கு மேலே தெரியும் கண்களை மட்டும் பார்த்து முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர் மோலி சிஸ்டர். அரை நொடி போதும். அவன் அந்தக் கையை எடுக்காமல் எழுந்து ஓரமாக நடந்து, பையில் இருப்பதைப் புல்லில் நழுவவிட்டு, "இதோ கிடக்கு" என்று கூவலாம். யாருக்கும் தெரியாது. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தட்டையே பார்த்தார். கேட்டு வாங்குகிற பதில் எண்ணிக்கையில் சேராது.

புல்லில் காலடிச் சத்தம் கேட்டது. எண்ணெயில் கறுத்துப்போன நீலத் துண்டு தட்டில் வந்து விழுந்தது.

"என் பாக்கெட்டுலதாம்மா இருந்துச்சு. கை துடைச்சேன். அப்படியே வெச்சிட்டேன். சாரி." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

இரண்டாம் சுற்றை ஜெயித்துவிட்டு வந்த ரவிக்குமார் சிரிப்பை அடக்கவில்லை. "அட, பாக்கெட்டுலீங்களா? இதுக்குப் போயி ஒரு சுத்தையே விட்டுட்டீங்களே! சிஸ்டர் கணக்குத் தப்பாப் போச்சுங்க இன்னைக்கு."

"எங்க தப்பாச்சு?" மோலி சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணுன்னு சொன்னேன். மூணுதான் இருந்துச்சு."

மூன்றாம் சுற்றுக்கு முன் மறுபடி எண்ணினார்கள். இந்த முறை மெர்வின் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுச் சொன்னான். கடைசி ஸ்பாஞ்சுக்கு, "நாலு, பார்த்துட்டேன்," என்றான். மோலி சிஸ்டர் மூடியை வைத்தார். டேப்பைத் தானே ஒட்டி, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.

படகு பறந்தது. ஐந்து மில்லிமீட்டரில் குழாயின் குரலே மாறியிருந்தது. ஏரியின் அக்கரையில் போகும்போதுகூடத் தெளிவாகக் கேட்டது. ரவிக்குமாரை முக்கால் படகு நீளம் முந்தி முதலில் வந்தது. புள்ளி எட்டு. ரவிக்குமாருக்குப் பத்து. கோப்பை சாமராஜநகர் போனது.

சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது ரவிக்குமார் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தார். இந்த முறை சிரிப்பில்லை. தன் படகை நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"சிஸ்டர், நெசமாக் கேக்கறனுங்க. அந்த எண்றது... கூட ஒரு ஆள் சொல்லோணும்னீங்களே. யார் வேணாலும் சொல்லலாமுங்களா?"

"யார் வேணாலும் சொல்லலாம். கண்ணால பார்க்காம வாய் தொறக்காதவனா இருக்கணும்."

"அப்படி ஆளுக்கு நா எங்கீங்க போவேன்?"

மெர்வின் தலையைக் குனிந்துகொண்டு மூடியின் டேப்பை உரித்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. மோலி சிஸ்டர் அவனைப் பார்த்தார். எனாமல் தட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"இவனைக் கூட்டிட்டுப் போங்க," என்றார். "இன்னைக்குத்தான் பாஸ் பண்ணான்."