அவளைக் கேட்காத சமாதானம்

திருவிழாவில் மேலத்தெருவும் கீழத்தெருவும் மோதிக்கொண்ட அன்று, காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் வேலை முடித்து ஊர் திரும்பிய ஜீவிதாவை மேலத்தெரு ஆட்கள் இருவர் வழிமறித்து மானபங்கம் செய்தார்கள். அவள் கீழத்தெருக்காரி என்பது ஒன்றே காரணம்.

பிறகு சமாதானக் கூட்டம் நடந்தது. நடந்த எதையும் கிளறக் கூடாது, போலீசுக்கும் போகக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னபோது, அவள் கணவன் கலைவாணனும் தலையாட்டிவிட்டு வந்தான். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவள் காவல் நிலையத்துக்குக் கிளம்பியபோது, தடுக்கவும் முடியாமல் கூடவே போனான்.

"உன் வூட்டுக்காரரே கூட்டத்துல ஒத்துக்கினாராமே. இப்பதான் ஊரு அமைதியா இருக்குது. வுட்டுடும்மா," என்றார் ஏட்டம்மா.

ஜீவிதா திரும்பிப் பார்த்தாள். கலைவாணனால் தலை நிமிர முடியவில்லை.

"நடந்தது எனக்கு மேடம். என்னை யாரும் கேக்கல. நீங்க எழுதிக்கோங்க," என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்துதான் புகாரை வாங்கினார். அதுவரை கலைவாணன் வாசலிலேயே நின்றான். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. உட்காரக் கூசி, ஊர் வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தான்.