இருபத்திரண்டாம் குழிக்கு மேலே

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் பொறுமையாக விளக்கம் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு அன்ரி, "இவ்வளவு படிச்சுப்போட்டு இன்னும் கிடங்கு வெட்டிக்கொண்டோ திரியிறீர்?" என்று கேட்டார். "ஓம் அன்ரி, நல்லா வெட்டுறன்" என்றேன். அவர் கையிலிருந்த ரோல்ஸ் தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் பிழையும் இல்லை. சிட்னியின் மேற்கே, பிளாக்டவுனையும் தாண்டி, புல்வெளியெல்லாம் வீட்டுமனையாகிக்கொண்டிருக்கிறது. புல்டோசர் வருவதற்கு முன்னால் தொல்லியலாளர்கள் நாங்கள் போவோம். பூர்வகுடி மக்கள் வாழ்ந்த தடயம் மண்ணுக்குள் இருக்கிறதா என்று சோதனைக் குழிகள் வெட்டிப் பார்த்து அறிக்கை எழுதுவோம். அதற்கு எங்களை அமர்த்துவது அங்கே வீடு கட்டப்போகிறவர்கள். இந்தத் தொழிலின் கோணல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த முறை ஓர் ஓடைக்கரையிலிருந்து மேட்டை நோக்கி வரிசையாக இருபத்திரண்டு குழிகள் திட்டம். பொதுவாகத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிறையக் கிடைக்கும், மேலே ஏற ஏறக் குறையும். இங்கே தலைகீழ். பதினெட்டாம் குழியில் ஏழு கற்செதில்கள், கருவி செய்யும்போது தெறித்து விழுந்த துண்டுகள். இருபதில் முப்பத்தொன்று. கடைசிக் குழியில் நூற்றுப் பதினான்கு. நெருப்பில் பதப்படுத்திச் சிவந்த கல். விளிம்பு இன்னும் அவ்வளவு கூர், ஒன்று என் கையுறையைக் கிழித்தது.

அந்த நிலத்துக்குரிய பூர்வகுடிச் சமூகத்தின் சார்பில் ஒரு பெண் எங்களோடு வேலை செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் நிறையச் சிரிப்பு. மண்ணை அவரும் சேர்ந்துதான் சலித்தார். ஒவ்வொரு குழியின் எண்ணிக்கையையும் தன் சொந்தக் கொப்பியில் எழுதினார். கடைசிக் குழி முடிந்ததும் மேட்டைப் பார்த்து, "இன்னும் மேலே போகலாமே?" என்றார்.

மனேஜருக்குப் போன் போட்டேன். "திட்டத்தில் இருபத்திரண்டுதான். மூடிவிட்டு வாருங்கள்" என்றார். மூடிவிட்டு வந்தோம். அன்றைக்கே நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை, அது என் பிழை.

அடுத்த வாரம் அறிக்கைக்கான வரைபடம் வந்தது. தொல்லியல் இடத்தின் எல்லையென்று, இருபத்திரண்டாம் குழிக்கு ஒரு மீட்டர் மேலே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அதற்கு மேலே எதுவும் இருக்க வாய்ப்பில்லையாம். புதுக் குடியிருப்பின் பெரிய வீதி சரியாக அந்தக் கோட்டிலிருந்து தொடங்கியது. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்.

மனேஜரிடம் போய்க் கேட்டேன். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அதுதான் கூடுதல் எரிச்சல். "அதற்கு மேலே ஆதாரம் இல்லையே" என்றார்.

"தோண்டாமல் ஆதாரம் எங்கிருந்து வரும்?"

"தோண்டியது முடிந்த இடத்தில் கோடு போடுவது வழக்கம்தான்."

"அங்கே முடிந்தது உங்களுடைய திட்டம். பூர்வகுடி மக்கள் இருந்த இடம் அங்கே முடியவில்லை."

மேசையிலிருந்த நாட்காட்டியைப் புரட்டினார். பிறகு, "அடுத்த மாதம் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, இல்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "பேசாமல் விட்டா என்ன? உங்கட தொழில்ல எல்லாரும் ஆளை ஆள் தெரிஞ்ச ஆக்கள். பிறகு ஆர் உம்மைக் கூப்பிடப் போறாங்கள்?" என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. "கூப்பிடாட்டி விடட்டும். பொய்க்கு என்ர பேரைக் குடுக்கேலாது" என்றேன்.

கேள்விப்பட்ட நண்பர்கள், இலங்கைத் தமிழச்சி என்பதால்தான் எனக்கு இவ்வளவு கொதிக்கிறது, போரில் பறிபோன எங்கள் காணிகளை நினைத்துக்கொள்கிறேன் என்றார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி முடிச்சுப் போட்டால் என்னைப் பார்த்துப் பாவப்பட்டுவிட்டு, மேட்டை மறந்துவிடலாம். எனக்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான். ஏழு, முப்பத்தொன்று, நூற்றுப் பதினான்கு என்று ஏறிக்கொண்டே போவது அடுத்த அடியில் திடீரென்று பூச்சியமாகாது. இதைச் சொல்ல எந்த ஊரிலும் பிறந்திருக்க வேண்டியதில்லை.

கோட்டை அழித்தேன். "இந்த இடத்தின் எல்லை கண்டறியப்படவில்லை, மேலே தொடர்ந்து தோண்ட வேண்டும்" என்று எழுதி அனுப்பினேன். கோடு திரும்பி வந்தது, என் வரியைக் காணவில்லை. அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று காரணத்தோடு எழுத்தில் கொடுத்தேன். எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஒப்பந்தமும் போனது.

ஆனால் வரைவு அறிக்கையைப் பூர்வகுடிச் சமூகத்துக்கு அனுப்பி, அவர்கள் கருத்தைக் கேட்ட பிறகுதான் முடிக்க முடியும். அது விதி. அந்தப் பெண் தன் கொப்பியைத் திறந்து, குழி குழியாக எண்ணிக்கையை எழுதி, இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை உங்கள் கோட்டில் மட்டும் எப்படி நின்றது? தோண்டிய தொல்லியலாளரின் பெயர் அறிக்கையில் ஏன் இல்லை? இரண்டுக்கும் பதில் எழுதாமல் அறிக்கையை முடிக்க முடியாது.

நான் மெல்பேர்னில் ஒரு ரயில்பாதைக்கான தொல்லியல் வேலை கிடைத்து, நோபல் பார்க்கில் மச்சாள் வீட்டு அறையொன்றில் இருந்தபோது அந்தப் பெண் அழைத்தார். மேட்டில் நிற்பதாகச் சொன்னார். வேறு ஆட்களை வைத்துத் தோண்டுகிறார்கள், முப்பத்தொன்பதாம் குழி, இன்னும் குறையவில்லை, வீதியை வேறு பக்கம் திருப்பப்போகிறார்களாம்.

"இந்த முறை எத்தனை குழிகள் திட்டம்?" என்று கேட்டேன்.

"எண் எதுவும் போட விடவில்லை. கடைசிக் குழி எதுவென்று நாங்கள்தான் சொல்வோம்" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உன் வேலை போய்விட்டதே என்று அவர் வருத்தப்பட்டார். போகட்டும் என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு மனதாரச் சொன்னது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.