யோசெப்பின் வாங்கிய கொக்குப் போத்தல்

பிரெஞ்சு பேசும் ஒரு குளிர்நாட்டு நகரத்தின் லாசால் பகுதியில், நியூமன் வீதிக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருந்தாள் யோசெப்பின். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் சாராயம் என்றால் அவளுக்கு ஆம்பிளைகளின் சட்டையில் வரும் நாற்றம், அவ்வளவுதான். மன்னார்ப் பக்கத்துப் பெண். கட்டையான உருவம், விறுவிறு நடை, எதையும் முகர்ந்து பார்த்தே வாங்கும் பழக்கம். வேலை பிஸ்கற் தொழிற்சாலையில். சூளையிலிருந்து தட்டுகள் வெளியே வரும் இடத்தில் அவளை நிறுத்தியிருந்தார்கள். ஒரு தட்டு அரை நிமிசம் கூட வெந்துவிட்டால் நிறம் மாறும் முன்பே அவளுடைய மூக்குக்குத் தெரிந்துவிடும். பொறுப்பாளர் மணிக்கூட்டை நம்பாத நாளிலும் அந்த மூக்கை நம்பினார்.

அந்த மூக்குத்தான் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம். வேலை முடிந்து அங்ரினியோன் மெற்றோ வாசலில் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வந்தபாடில்லை. காது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். பக்கத்துக் கடைத்தொகுதியில் மதுக்கடை வெளிச்சமாக இருந்தது. சூட்டுக்கு ஒதுங்கலாம் என்று நுழைந்தாள். சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால், வாங்க வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு போத்தல்களைப் பார்த்தபடி நடந்தாள்.

நடுவில் பச்சைத் துணி விரித்த ஒரு மேசை. ஐரிஷ்காரரின் பெருநாள் வாரமாம். மேசைக்குப் பின்னால் சில்வேன் என்ற விற்பனையாளன் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் விஸ்கி ஊற்றி வைத்திருந்தான். "பொன்ஜூர் மதாம், கொஞ்சம் சுவைத்துப் பாருங்கள்" என்று ஒன்றை நீட்டினான். வேண்டாம் என்றால் வெளியே போகச் சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் வாங்கினாள். வாங்கினால் முகராமல் இருப்பாளா?

முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. இன்னொரு தரம் முகர்ந்தாள். பிறகு ஒரு மிடறு. தொண்டையில் அனல் போனது, வயிற்றில் போய்ச் சம்மணம் கட்டி உட்கார்ந்தது. மரத்துப்போன கால் விரல்கள் ஒவ்வொன்றாக விழித்தன.

"எப்படி?" என்று கேட்டான் சில்வேன்.

யோசெப்பின் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள்: "முதலில் தேன். பிறகு பாலில்லாத பார்லி பிஸ்கற். ஆனால் இரண்டு நிமிசம் கூடச் சுட்டது. கடைசியில் யாரோ தோடம்பழத் தோல் போட்டிருக்கிறார்கள்."

சில்வேன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தான். பதினொரு வருடமாக அந்தக் கடையில் நிற்கிறான், வெளிநாட்டிலிருந்து வந்து விஸ்கி சுவைக்க வகுப்பெடுத்தவர்கள்கூட இப்படிச் சொன்னதில்லை. போத்தலைக் காட்டினான். கில்கரன் என்று பெயர். ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கின் படம். அயர்லாந்தில் ஓர் ஆற்றங்கரையில் பதினான்கு பேர் மட்டும் வேலை செய்யும் சின்ன வடிசாலையின் சரக்காம். யோசெப்பின் ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ் இரண்டு போயிருந்தது. அவள் கவலைப்படவில்லை.

வீட்டில் இதனால் சண்டை ஒன்றும் வரவில்லை. அவளுடைய கணவர் மரியதாசன் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். ஆறடி உயரம், அதில் பாதி மௌனம். எண்பத்தைந்தில் கடல் தாண்டும்போது படகு கவிழப் பார்த்த இடத்தில், "கரை சேர்த்துவிடு தாயே, இனி ஒரு சொட்டும் தொடமாட்டன்" என்று மடு மாதாவுக்கு நேர்ந்தவர். மாதா கேட்டதைச் செய்தார், இவரும் சொன்னதைச் செய்தார். ஆனால் மனைவி நேரவில்லையே. சனிக்கிழமை மாலையில் அவள் ஒரு சின்னக் கிளாசில் கொக்கை ஊற்றி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஜன்னலோரம் இருப்பாள். அவர் எதிரே இருந்து கச்சான் கடலைக் கோது உடைத்துக் கொடுப்பார். வாரம் ஒரு கிளாஸ், அதற்கு மேல் இல்லை. இரண்டு பேருக்கும் அது நல்ல நேரமாக இருந்தது.

வினை வரிசையில் வந்தது. அந்த வருட இலையுதிர் காலத்தில் யோசெப்பின் இரண்டாவது போத்தலோடு காசு கட்ட நின்றபோது, பின்னாலிருந்து "யோசெப்பினக்கா!" என்று ஒரு குரல். தமிழ்ப் பங்குக் கோயிலின் பாடற்குழுவில் பாடும் றொசானா. சமையலுக்கு வைன் வாங்க வந்தவளாம். அவளுடைய கண் போத்தலில் இருந்தது. ஒரு செய்தியைத் தமிழர் நிறைந்த பார்க்-எக்ஸ்ரென்ஷன் தொடக்கம் லாசால் வரைக்கும் கொண்டுபோக றொசானாவுக்குத் தொலைபேசி தேவையில்லை, ஒரு ஞாயிறு பூசை போதும்.

யோசெப்பினின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"அவருக்கு."

ஒரே ஒரு சொல். றொசானாவின் முகம் உருகியது. "பாவம் அக்கா நீங்கள்" என்று கையைப் பிடித்தாள். யோசெப்பின் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுத் தேவையில்லாததுதான். ஆனால் நன்றாக வந்தது.

அன்றிலிருந்து பங்கில் மரியதாசன் ஒரு குடிகாரர். முழங்கால் வாதத்தால் அவர் சற்றுச் சாய்ந்து நடப்பார். "பார், பூசைக்கும் போட்டிட்டுத்தான் வந்திருக்கிறார்" என்றார்கள். பேசாமல் இருந்தால் மப்பு, பேசினால் உளறல். வெள்ளிக்கிழமைகளில் அருமைராசா நடத்தும் மதுவிலக்குச் செபக்குழு ஒன்று இருந்தது. இறுக்கமான கழுத்துப்பட்டி, கணீரென்ற குரல், பங்குச் சபையின் தலைவர் அவர். "குடியால் கண்ணீர் விடும் எங்கள் சகோதரிகளுக்காக" என்று தொடங்கும்போது எல்லாத் தலைகளும் யோசெப்பின் பக்கம் அரை அங்குலம் திரும்பும். அவள்தான் எல்லாரையும்விட உரத்து ஆமென் சொல்வாள்.

மரியதாசனுக்கு மட்டும் எதுவும் தெரியாது. பிறந்தநாள் விழாக்களில் பங்குக்காரர் ஆனந்தராசா போன்றவர்கள் அவரைத் தனியே கூப்பிட்டுக் கார் பின்பெட்டியைத் திறந்து, "அண்ணை, உங்களுக்கெண்டே வைச்சிருக்கிறன்" என்பார்கள். "நான் குடிக்கிறேல்லை" என்பார் அவர். வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். தனக்கு நகைச்சுவை வருகிறது என்று அவரும் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தார்.

இப்படியே நாலரை வருடம் போனது. 2008 பெப்ரவரியில் பனி கார்களை மூடிக் கிடந்த ஒரு வாரம், சில்வேன் அவளைக் கண்டதும் முகத்தைத் தொங்கப்போட்டான்.

"மதாம் யோசெப்பின், கொக்கு முடிந்தது."

"அடுத்த மாதம் வருந்தானே?"

"அடுத்த மாதமும் இல்லை. வடிசாலையை மூடிவிட்டார்கள்."

ஒரு காலத்தில் அயர்லாந்தில் ஊருக்கு ஊர் வடிசாலை இருந்ததாம், இப்போது விரல்விட்டு எண்ணலாமாம். பெரிய கம்பனிகள் தொலைக்காட்சியில் விளம்பரம் போடுகின்றன. பதினான்கு பேர் பீப்பாவை உருட்டி எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிப்பார்கள்? பன்னிரண்டு வருடம் ஊறவைத்தால்தான் விற்கலாம், பன்னிரண்டு வருடம் காத்திருக்க வங்கிக்குப் பொறுமை இல்லை. செப்புக் கொதிகலன்களையும் விற்றுவிட்டார்களாம். சில்வேன் சொல்லச் சொல்ல யோசெப்பினுக்கு, தான் ஒருநாளும் பார்க்காத அந்தப் பதினான்கு பேரின் மேலும் பாசம் வந்தது. யாரோ ஒருவன் சரியாக இரண்டு நிமிசம் கூடச் சுடத் தெரிந்தவன், இப்போது எந்த வேலைக்கு வரிசையில் நிற்கிறானோ?

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த நகரத்துக் கடைகளில் எங்கெங்கே மிச்சம் இருக்கு?" என்று கேட்டாள்.

கணினி சொன்னது: இங்கே மூன்று, வில்லரேயில் இரண்டு, ரொக்ஸ்பரோவில் நான்கு.

தவக்காலம்தான். தவக்காலத்தில் குடிக்க மாட்டாள், ஞாயிறு தவிர. ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பது நாளில் சேர்வதில்லை என்று பங்குச் சாமியாரே பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். வாங்கக் கூடாது என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மரியதாசன் பழைய கொரோலாவைப் பனியிலிருந்து தோண்டி எடுத்தார். லாசாலில் மூன்றும் கிடைத்தன. வில்லரேயில் இரண்டும் கிடைத்தன, ஒன்றின் கொக்குப் பட ஒட்டுத்தாள் கிழிந்திருந்தது. "வேறு நல்லதாகத் தேடித் தரட்டுமா?" என்று கேட்ட பெண்ணிடம் கொடுக்காமல், போத்தலைப் பிள்ளையைப்போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு யோசெப்பின் காசு கட்டினாள். பிறகு நாற்பதாம் நெடுஞ்சாலையில் மேற்கே, ரொக்ஸ்பரோவுக்கு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடை. "நீங்கள் காரிலேயே இருங்கோ, ஒரு நிமிசத்தில வாறன்" என்று இறங்கினாள்.

விஸ்கித் தட்டின் முன்னால் ஒருவர் முதுகு காட்டி நின்றார். நான்கு கொக்கும் அவருடைய கைக்குள். அவர் திரும்பினார். இறுக்கமான கழுத்துப்பட்டி.

"யோசெப்பின்!"

"அருமைராசா அண்ணை!"

நான்கு கொக்கையும் கோட்டுக்குள் தள்ளப் பார்த்தார் அவர், இடம் போதவில்லை.

"இது... என்ர வேலைத்தலத்து முதலாளிக்கு" என்றார் அருமைராசா. "ஓய்வு பெறப்போறார். பரிசு."

"நல்லது அண்ணை. நாலும் ஒரு முதலாளிக்கோ?"

"பெரிய முதலாளி" என்றார். பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. "அதுசரி, நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

நாலரை வருடப் பழக்கம். "அவருக்கு" என்றாள்.

அவ்வளவுதான், அருமைராசாவின் முதுகு நிமிர்ந்தது, குரலும் கணீரென்று திரும்பி வந்தது. "தவக்காலத்தில பெண்சாதியை இந்தப் பனிக்குள்ள அனுப்பி வாங்கச் சொல்லுறாரோ? வெட்கமில்லையே மனுசனுக்கு?"

வெட்கமில்லாத மனுசன் அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு நிமிசம் என்றவளைப் பத்து நிமிசமாகக் காணவில்லை. ஈரத் தரையில் முழங்காலைப் பார்த்துப் பார்த்துச் சாய்ந்து நடந்து வந்தார்.

"பாரும், நிக்கவும் ஏலாமல் கிடக்கு!" என்றார் அருமைராசா. "மரியதாசன், உமக்காக ஒவ்வொரு வெள்ளியும் செபிக்கிறம். தெரியுமே?"

"எனக்காகவோ? ஏன்?"

"உம்மட குடி நிக்கத்தான்! இந்த மனுசி வருசக்கணக்கா உமக்குப் போத்தல் காவி, வாயைத் திறக்காமல் அழுதுகொண்டிருக்கிறா. இண்டைக்கு என்ர முதலாளிக்குப் பரிசு வாங்க வந்த இடத்தில கையோட பிடிச்சிட்டன்."

மரியதாசன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். யோசெப்பின் ஒரு போர்த்துக்கேய வைனின் பின்பக்கத்தை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தாள். காதுமடல் எரிந்தது. இருபத்தாறு வருடக் கலியாணத்தில் இந்த மனிதர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, இன்றைக்கு உயர்த்தினால் அது நியாயம் என்று நினைத்தாள்.

அவர் கையுறையைக் கழற்றினார். வலது கையை நீட்டினார். அது நடுங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு நன்றாக.

"ஓம் அண்ணை" என்றார், தொண்டை கரகரக்க. "விடேலாமல் கிடக்கு. அதுவும் இந்தக் கொக்கு எண்டால்... இது கிடைக்காட்டி இரவில சுவரில பூரான் ஓடுது. உங்கட முதலாளிக்கு வேற ஏதும் வாங்குங்கோ, அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

யோசெப்பின் வைன் போத்தலைத் தவறவிடப் பார்த்தாள்.

அருமைராசா போத்தல்களை இறுக்கிப் பிடித்தார். "அதுக்காகத்தான் நான் வாங்கிறன்! உம்மட கையில கிடைக்கக் கூடாதெண்டு!"

"அப்ப முதலாளி?" என்று கேட்டார் மரியதாசன். நடுக்கம் சற்று நின்றிருந்தது.

பதில் வருவதற்குள் காசு மேசையிலிருந்த பெண் உற்சாகமாகக் கூப்பிட்டாள்: "பொன்ஜூர் மெஸ்யே! நாலையும் கண்டெடுத்தீர்களா? நீங்கள் மாதாமாதம் வருகிறவர் என்றுதான் பின்னறையிலிருந்தும் எடுத்து வைத்தேன்!"

மூன்று பேருக்கும் அந்தளவு பிரெஞ்சு விளங்கும். அருமைராசா பார்க்-எக்ஸ்ரென்ஷனிலிருந்து இவ்வளவு தூரம் வருவது, தமிழ் முகம் ஒன்றும் காணாது என்ற நம்பிக்கையில். அவருடைய கழுத்துப்பட்டி திடீரென்று இன்னும் இறுக்கமானதுபோல இருந்தது.

மரியதாசன் அவரை மேலும் வதைக்கவில்லை. "முதலாளிக்கு ரெண்டு காணும்தானே, அண்ணை?" என்றார்.

"காணும்" என்றார் அருமைராசா, தரையைப் பார்த்தபடி. இரண்டு கொக்கு யோசெப்பினின் கைக்கு வந்தன.

காரில் திரும்பும் வழி. யோசெப்பின் போத்தல் பையை மடியில் வைத்து, மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

"எத்தினை வருசமா?" என்றார் அவர்.

"நாலரை."

"ஆனந்தராசா என்னைக் கார் பெட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனது..."

"ஓம்."

"சாமியார் போன வருசம் என்ர தோளில கை வைச்சு, ‘நம்பிக்கையை விடாதேயும்’ எண்டது..."

"அதுவும் ஓம்."

அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பார்த்தாள். சிரிப்பு. ஆறடி மனிதர் சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்து, கண் தெரியாமல் ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்த வேண்டியதாயிற்று.

"நாளைக்கே எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிப்போடுறன்" என்றாள் அவள்.

"ஏன்? விடும்" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "இருபது வருசமா அந்தக் கோயிலில என்னை ஒருத்தரும் ஏறெடுத்தும் பாக்கேல்லை. இப்ப நான் வந்தால் கதை வருது."

வெள்ளிக்கிழமைச் செபக்குழு அந்த மாதத்தோடு நோயாளிகளுக்காகவும் வேலையில்லாதவர்களுக்காகவும் செபிக்கத் தொடங்கியது. அருமைராசா மரியதாசனைக் கண்டால் முதலில் வணக்கம் சொல்வார்.

ஆனாலும் யோசெப்பினின் மனம் அறுத்துக்கொண்டே இருந்தது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த சூட்டோடு, றொசானாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"றொசானா, ஒரு உண்மை சொல்லவேணும். அவர் ஒருநாளும் குடிச்சதில்லை. அந்தப் போத்தலெல்லாம் எனக்குத்தான். நான்தான் குடிக்கிறனான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"யோசெப்பினக்கா," என்று விம்மினாள் றொசானா, "புருசன்ர பழியை இப்பிடித் தன்ர தலையில போடுற ஒரு மனுசியை நான் என்ர சீவியத்தில கண்டதில்லை."

"இல்லைப் பிள்ளை, மெய்யாத்தான்..."

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம் அக்கா. எனக்கு விளங்குது. எல்லாருக்கும் சொல்லுறன்."

யோசெப்பின் தொலைபேசியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சமையலறையிலிருந்து மரியதாசன் எட்டிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"நான் நேரே மோட்சத்துக்குத்தானாம்" என்றாள் யோசெப்பின்.