சந்தனப் பொட்டு வைத்த மீட்டர்

என் வீட்டுக்காரர் மின்சாரக் காத்தாடி மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். கை சும்மா இருக்காது, வாயும்தான். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் காஜா பேராங்கில் அடைக்கப்பன் செட்டியார் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். வீட்டுக்கு இத்தனை யூனிட்தான் என்று கரண்டுக்கு அளவு வைத்துவிட்டார்கள். மீட்டர் செட்டியாரின் பூட்டின பெட்டிக்குள். “உன் பங்கு பத்து யூனிட், கலியாணசுந்தரம். மிஞ்சினா கம்பியைப் பிடுங்கிருவேன்” என்றார் செட்டியார் இவரிடம்.

அது எங்கே போதும்? எங்கள் அடைக்கோழியை எவனோ தூக்கிக்கொண்டு போயிருந்தான். ஆறு நாள் சூடு கண்ட பன்னிரண்டு முட்டையை உமிப்பெட்டியில் வைத்து, மேலே பல்பு தொங்கவிட்டிருந்தோம். பதினைந்து நாள் அது அணையக் கூடாது. மரவள்ளியே தின்று பிள்ளைகளுக்கு வயிறு ஊதிக் கிடந்த நேரம் அது.

“எவ்வளவு போகுதுன்னு நானே அளக்கிறேன்” என்று இவர் என் சோற்றுப்பானை மூடியைத் தூக்கிக்கொண்டார். நல்ல அலுமினிய மூடி! அதை வட்டமாக வெட்டி, சுவரில் கடிகாரம்போல் நிமிர்த்தி ஊசியில் மாட்டினார். பக்கத்தில் கம்பிச்சுருள், காந்தம். கரண்டு ஓடினால் தகடு சுற்றும், பழைய கடிகாரச் சக்கரம் சுற்றை எண்ணும். வியாழக்கிழமை ஒழுங்காகத்தான் சுற்றியது. சனிக்கிழமை பார்த்தால் பல்பு எரிகிறது, தகடு அசையவில்லை.

மூன்று நாள் பிரித்தார், பூட்டினார். காந்தத்தைத் திருப்பினார். ஊசிக்கு, எனக்குச் சமைக்கவே இல்லாத தேங்காயெண்ணெயை விட்டார். எலி என்றார், மழை என்றார், கடைசியில் “நீ எதையோ நோண்டியிருக்கே” என்றார்.

“நோண்டுறதுக்கு எனக்கு வேற வேலை இல்லையா? மூடியில்லாத பானையில கிழங்கு வேகவே மத்தியானம் ஆகுது!”

சொல்லிக்கொண்டே பார்த்தேன். விரலால் தள்ளிவிட்டால் தகடு கொஞ்சம் ஆடுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் என் சந்தனப் பொட்டு அடியில் வந்துதான் நிற்கிறது.

“இந்தாங்க, பொட்டுதாங்க கனக்குது.”

“எந்தப் பொட்டு?”

வெள்ளிக்கிழமை வைத்தது. புதுச் சாமானுக்கு வைக்காமல் விடுவேனா? எங்கள் வீட்டில் அம்மிக்கும் பொட்டு, சைக்கிளுக்கும் பொட்டு. பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

“அறிவு கெட்டவளே, அழி அதை!”

“சாமி கும்பிட்டு வெச்சதை அழிக்க மாட்டேன்.”

“குஞ்சு வேணுமா, பொட்டு வேணுமா?”

“ரெண்டும் வேணும்.”

சந்தனத்தைக் குழைத்தேன். எதிர்ப்பக்கம் அதே கனத்துக்கு இன்னொரு பொட்டு வைத்தேன். தகடு ஓடத் தொடங்கியது. அவர் உடனே சுற்றை எண்ண உட்கார்ந்துவிட்டார்.

எண்ணாமல் போன மூன்று நாளை என்ன செய்வது? கூடுதலாகவே போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு, வீட்டு விளக்கை அணைத்தோம். முட்டைக்கு மட்டும் வெளிச்சம். நாங்கள் இருட்டில் தட்டைத் தடவிச் சாப்பிட்டோம்.

முட்டைக்கு இருபத்தோராம் நாள் காலை செட்டியார் சாவியோடு வந்து மீட்டரைப் பார்த்தார். உமிப்பெட்டிக்குள்ளிருந்து சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தார். ஒன்பது குஞ்சு. “மிஞ்சலப்பா” என்று சொல்லிவிட்டு, ஒரு குஞ்சு கிடைக்குமா என்றார்.

தகட்டைச் சமப்படுத்தியது தன் மூளை என்று பக்கத்துப் பேட்டையான தெங்கேரா வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார் இவர். சொல்லட்டும். என் பானைக்கு மூடி மட்டும் இன்றுவரை வரவில்லை.