மான்கள் நின்ற வரிசை

என் மனுசன் யூட், இலையைத் தின்று பார்த்துத்தான் விதை வாங்குவார். நாங்கள் நாடு விட்டு வந்து குடியேறிய கிளென் ஈடனில் வேறு எந்த வீட்டில் இந்தக் கூத்து நடக்கிறதோ எனக்குத் தெரியாது. அவருக்குக் கைபாரா பக்கம் ஒரு பெரிய காணியில் வேலை. முதலாளி அங்கே உயர்ந்த வேலி போட்டு மான் வைத்திருந்தார். கொம்புக்கு ஆசைப்பட்டு எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் பரணில் ஏறியிருந்து சுடுவார்கள். பரணுக்கு முன்னால் மான் வந்து நிற்க வேண்டுமே! அதற்கு ஒரு துண்டு நிலத்தில் தீன் பயிரிட வேண்டும். எதை விதைப்பது என்று முடிவு செய்கிற ஆள் யூட்.

ஏப்ரலில் ஒருவர் சுட வருவதாக இருந்தது. கூட்டத்திலேயே பெரிய ஆண் மானை முதலாளி அவருக்கென்று ஒதுக்கியிருந்தார். அந்த மாதத்தில் ஆண் மானுக்குச் சாப்பாட்டு நினைவே வராதாம், பெட்டைகளின் பின்னால்தான் அலையுமாம். ஆகவே குட்டியோடு திரியும் பெட்டைகளுக்குப் பிடித்ததைப் போடு, ஆணும் தானாய் வரும் என்பது யூட்டின் திட்டம். நல்ல திட்டம்தான். என் குசினிதான் பாடுபட்டது. யார் யாருடைய பண்ணையிலிருந்தோ இலை பிடுங்கி வருவார். பச்சையாக ஒரு வாய் மெல்லுவார், மிச்சத்தை அரிந்து வறுத்து வறை செய்யச் சொல்லுவார். சிக்கரி கசந்தது. டர்னிப் இலை தேங்காய்ப்பூவோடு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கடுங்குளிர் ஊரில்தான் மான் அதைத் தேடுமாம். கடைசியில் சிவப்புக் குளோவர் என்ற தீவனப் பயிரும் சிக்கரியும் என்று முடிவாகி, நவம்பரில் விதைத்தார்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. எட்டிப் பார்ப்போம் என்று ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் ஊற்றிக்கொண்டு அவரோடு போனேன். காலைப் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. நிலம் வெறும் மண்ணாய்க் கிடந்தது, ஒரு முளை கூட இல்லை. யூட் இறங்கி வேலியடியில் நின்றார். பைன் மரங்களுக்குள்ளிருந்து மான்கள் வந்தன. வந்து, ஒன்றின் பின் ஒன்றாக, நடுவில் ஓராள் இடம் விட்டு வரிசையில் நின்றன. முன்னால் காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெட்டை, அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஒன்றும் தலையைக் குனியவில்லை. எல்லாம் யூட்டையே பார்த்துக்கொண்டு நின்றன.

மான் என்றால் சின்னச் சத்தத்துக்கே துள்ளி ஓடாதா? நான் வேண்டுமென்றே வண்டிக் கதவை அடித்துச் சாத்தினேன். ஒரு காது அசையவில்லை.

"கோதாரி, இதுகள் மானோ மனுசரோ?" என்று கேட்டேன். யூட்டின் முகம் சாம்பல் பூத்திருந்தது.

திரும்பி வரும்போதுதான் சொன்னார். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் வாய் திறக்காத கதை. கடைசிச் சண்டை நேரம் வன்னியில் கஞ்சிக் கொட்டிலில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர். ஒருநாள் கஞ்சிக் கிடாரம் காலியான பிறகும் சனம் வரிசையில் நின்றது. முன்னால் ஒரு பொம்பிளை, கையில் டின், இடுப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பிள்ளை. நில்லுங்கோ, இன்னொருக்கா காய்ச்சுறன் என்று சொல்லிவிட்டு இவர் விறகெடுக்கப் போயிருக்கிறார். ஷெல் வரிசையில் விழுந்தது.

"நான் சொன்னபடியாலதான் நிண்டதுகள், மாகிரட்" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வேலையை விட்டுத் தொலையுங்கள் என்று கத்தினேன். விட்டால் வேறொருவன் விதைப்பான், மான் வரும், சுடுவான் என்றார். தன்னை நம்பி வருகிற ஒன்றையும் இனிச் சாகவிட முடியாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வராமல் பண்ணுவதற்கு அவருக்குத் தெரிந்தது விதைதான். மார்ச்சில், பயிரில் புழு என்று முதலாளிக்குப் பொய் சொல்லி, தளதளவென்று நின்ற குளோவரை உழுது புரட்டினார். நாக்கைச் சுடுகிற ஒரு கடுகைத் தேடிப் பிடித்து விதைத்தார். அதன் இலையை எனக்கும் தந்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மான்கள் அதில் வாயே வைக்கவில்லை. ஆனால் காலையில் யூட் போய் வேலியடியில் நின்றால் அதே வரிசை, முன்னால் அதே கிழட்டுப் பெட்டை. எதை விதைத்தால் என்ன, அவை தீனுக்கு வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளிக்கோ ஒரே சந்தோஷம்.

சுடுகிற நாள் விடிய, நீயும் வா என்று என்னைக் கூப்பிட்டார். சுட வந்தவரும் முதலாளியும் பரணில் ஏறியிருந்தார்கள். யூட்டுக்கு வண்டியடியில் நிற்கத்தான் உத்தரவு. பனிமூட்டத்துக்குள் மான்கள் வந்து வரிசையாக நின்றன. கடைசியில் பெரிய கொம்போடு அந்த ஆண் மான். துப்பாக்கியின் குழாய் மெல்லத் திரும்புவது எனக்குத் தெரிந்தது. ஐயோ மாதாவே என்று கண்ணை மூடப் போனேன்.

யூட் வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நடந்தார். பரணுக்கும் மான்களுக்கும் நடுவால் போய், வரிசைக்கு முன்னால், கஞ்சி கொடுக்கிறவன் நிற்கிற இடத்தில் நின்றார். முதலாளி மேலேயிருந்து இங்கிலீஷில் கத்தினார். யூட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடக்கமான குரலில்தான் சொன்னார்.

"முடிஞ்சுது. இண்டைக்கு இனிக் கஞ்சி இல்லை. ஒருத்தரும் நிக்க வேண்டாம், போங்கோ."

கிழட்டுப் பெட்டை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு திரும்பியது. அதன் பின்னால் ஒவ்வொன்றாய் எல்லாம் திரும்பின, அந்த ஆண் மானும்தான். காலடிச் சத்தமே கேட்கவில்லை. பைன் மரங்களுக்குள் போய்விட்டன. வெடி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இடத்திலேயே வேலை போனது. அதன் பிறகு மான்கள் பரண் பக்கம் தலை காட்டவில்லை என்று அங்கே வேலை செய்கிற ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

அன்று நான்தான் வண்டி ஓட்டினேன். வீட்டு வாசலில் யூட் இறங்காமல் அப்படியே இருந்துகொண்டு கேட்டார்.

"போகேக்க, பிள்ளையோட அவ திரும்பிப் பாத்தவ. கண்டனியே?"

ஓம், கண்டனான் என்றேன். அது பொய் இல்லை.